இழப்பீடு கேட்டவருக்குக் கடன்

2022 ஆகஸ்டில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் வழக்கத்தைவிட ஏழெட்டு மடங்கு மழை கொட்டியது. அந்தப் பருவம் முடிவதற்குள் நாடு முழுவதும் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 3 கோடியே 30 லட்சம் பேர். வயலில் நின்ற பருத்தி அழுகியது. அது தட்டையான நிலம். ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. மக்கள் ஆடுமாடுகளோடு மேடான சாலையோரங்களில் குடியிருந்தார்கள். அடுத்த கோதுமை விதைப்பும் பல இடங்களில் தவறிப்போனது.

செப்டம்பர் தொடக்கத்தில் மஞ்சர் ஏரி விளிம்புவரை நிரம்பியது. கரை தானாக உடைந்தால் செஹ்வான் முதலிய ஊர்களுக்கு ஆபத்து. அதிகாரிகள் கரையை வெட்டிவிட்டார்கள். மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்களைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. வெட்டிய பக்கம் இருந்த கிராமங்களில் சுமார் 1 லட்சம் பேர் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. யாரைக் காப்பது, யாரை மூழ்கவிடுவது என்ற முடிவை ஓர் ஏரிக்கரையில் சிலர் எடுக்க நேர்ந்தது. இத்தனைக்கும் உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் பாகிஸ்தானின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு.

2023 ஜனவரியில் ஜெனீவாவில் ஐ.நா.வும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரு மாநாடு கூட்டின. உலக நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதியளித்தன. கேட்க மனம் நிறைந்தது. ஆனால் அந்தத் தொகையில் ஏறக்குறைய 90 சதவீதம் திட்டக் கடன் என்று பாகிஸ்தானின் அப்போதைய நிதியமைச்சர் இஷாக் தார் பிறகு விளக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மொசாம்பிக்கிலும் இதுதான் நடந்தது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா துறைமுக நகரைச் சிதைத்தது. ஏற்கெனவே கடனில் தத்தளித்த அந்த நாட்டுக்குச் சர்வதேச நாணய நிதியம் அடுத்த மாதமே சுமார் 11.8 கோடி டாலர் கொடுத்தது. வட்டி கிடையாது; ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும்.

பக்கத்து மனைக்காரன் தோண்டிய பள்ளத்தால் நம் வீட்டுச் சுவர் சரிந்தால், சுவரைக் கட்டிக் கொடு என்போம். அவன் குறைந்த வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று வந்தால் எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் அதை ஏற்காது. ஏழை நாடுகள் பருவநிலை ஒப்பந்தங்களைப் பார்க்கும் பார்வை இதுதான். அவற்றின் கோபத்தைப் பிச்சைக்காரனின் முணுமுணுப்பாகவோ, வளர்ச்சிக்கு எதிராக யாரோ சதி செய்கிறார்கள் என்ற பிரமையாகவோ எடுத்துக்கொள்பவர்கள் கணக்கைப் பார்க்காதவர்கள்.

கணக்கு எளிதானது. தொழிற்புரட்சி தொட்டு எரித்த நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவால் காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அமெரிக்கா ஒன்றே வெளியிட்டது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் வாழும் இந்தியாவின் பங்கு மூன்று நான்கு சதவீதம்தான். இந்த வாயு ஒருமுறை மேலே போனால் நூற்றாண்டுகள் நிற்கும். ஆகவே இன்று பெய்யும் பேய்மழையில் தாத்தா காலத்துப் புகைக்கும் பங்குண்டு. 1992-இல் ரியோவில் கையெழுத்தான ஐ.நா. ஒப்பந்தம் இதை ஒப்புக்கொண்டது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு வேறு என்று எழுதி, பணக்கார நாடுகள் முன்னால் நடக்க வேண்டும் என்றது.

அந்த எழுத்துக்கு என்ன மரியாதை கிடைத்தது? 1997 ஜூலையில், கியோட்டோ மாநாட்டுக்கு முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் சேரக் கூடாது என்று அமெரிக்க செனட் 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. அமெரிக்கா கியோட்டோ ஒப்பந்தத்தை ஏற்கவே இல்லை. கனடா ஏற்றுக்கொண்டு, 2011-இல் வெளியேறுவதாக அறிவித்தது. 2009-இல் கோபன்ஹேகனில், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் கூறின. அவற்றின் சொந்த அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படியே அந்த இலக்கு 2022-இல்தான் எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன்.

நடந்துவிட்ட அழிவுக்கு ஈடு கேட்பது இன்னும் பழைய கதை. 1991-லேயே, சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனையை முன்வைத்தது: கடல் ஏறி நிலம் போகும் நாடுகளுக்காக, பணக்கார நாடுகள் நிதி போட்டு ஒரு காப்பீட்டு நிதியம் அமைக்கட்டும். 2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் இழப்பையும் சேதத்தையும் பற்றித் தனிப் பிரிவே எழுதியது. கூடவே நிறைவேறிய முடிவிலோ, இந்தப் பிரிவை வைத்து யாரும் பொறுப்போ இழப்பீடோ கோர முடியாது என்று ஒரு பத்தி சேர்ந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொண்ட அந்தப் பத்தியைத் தீவு நாடுகளின் தூதர்கள் எந்த மனநிலையில் ஏற்றிருப்பார்கள்! ஊரே கடலுக்குள் போகிறது. ஏற்காவிட்டால் அந்தத் தனிப் பிரிவும் இல்லை.

சிந்துவில் தண்ணீர் இன்னும் முழுதாய் வடியாத 2022 நவம்பரில், வளரும் நாடுகளின் கூட்டணியான 77 நாடுகள் குழுவின் தலைமையில் பாகிஸ்தானே இருந்தது. எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த பருவநிலை மாநாட்டில் பாகிஸ்தான் அமைச்சர் ஷெர்ரி ரஹ்மான் முதலியோர் விடாமல் நின்றார்கள். இழப்பு நிதியம் ஒன்று அமைப்பதென முடிவானது. வனுவாட்டு கேட்டு 31 ஆண்டுகள் கழித்து! மறு ஆண்டு துபாயில் அந்த நிதியத்துக்குச் சேர்ந்த வாக்குறுதிகள் சுமார் 70 கோடி டாலர். அமெரிக்கா சொன்னது 1.75 கோடி, 2025-இல் அது நிதியத்தின் வாரியத்தை விட்டே விலகியது. பாகிஸ்தான் வெள்ளத்தின் சேதமும் இழப்பும் மட்டும் 3,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த ஒரு வெள்ளத்தின் இழப்பில் நாற்பதில் ஒரு பங்குக்குக்கூட அந்த நிதி காணாது. 2024 பாக்கு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று முடித்தார்கள். இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா பேச அனுமதி கேட்டிருந்தும், தலைவர் சுத்தியலைத் தட்டிய பிறகே அவர் எழுந்து மறுப்புச் சொல்ல முடிந்தது.

நிலக்கரி விஷயத்திலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. 2021-இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை ஒழிப்பது என்பதைக் குறைப்பது என்று மாற்ற வைத்த பழி இந்தியாவின் மேல் விழுந்தது. அடுத்த ஆண்டு, நிலக்கரி மட்டும் ஏன், எண்ணெயையும் எரிவாயுவையும் சேர்த்து எல்லாவற்றையும் குறைப்போம் என்று இந்தியா கேட்டது. முடிவறிக்கையில் அது இடம்பெறவில்லை. ஏழையின் அடுப்புக்கரி பாவம், பணக்காரனின் எரிவாயு பாவமில்லை என்றால் அது என்ன தர்மம்?

இதுவரை சொன்னதெல்லாம் நமக்குச் சாதகமான பக்கம். இதே அளவுகோலை நம் பக்கமும் வைத்துப் பார்க்காவிட்டால் நாம் பேசுவது நியாயம் ஆகாது. 1991-இல் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை விவசாயியின் நெல்வயலிலிருந்து எழும் வாயுவையும் பணக்கார நாட்டுக் கார்ப் புகையையும் ஒரே தட்டில் வைக்காதே என்று வாதாடினார்கள். உயிர் வாழ வேண்டி வெளியிடுவது ஒன்று, சொகுசுக்காக வெளியிடுவது வேறு. மறுக்க முடியாத வாதம். ஆனால் நெல்வயலும் சொகுசுக் காரும் இன்று ஒரே நாட்டுக்குள், ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. 2007-இல் கிரீன்பீஸ் இந்தியா ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழைகளின் தலையை எண்ணிச் சராசரியைக் குறைத்துக்காட்டி, வசதி படைத்த இந்தியர்கள் அதற்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. வீட்டில் நான்கு அறைக்கும் ஏசி போட்டுக்கொண்டு, 'தலைக்கு இரண்டு டன்தான்' என்று உலக மேடையில் நம் நாடு சொல்வதைக் கேட்டு நிம்மதி அடைபவர்களுக்கு அந்த இரண்டு டன் சொந்தமில்லை. அது ஜார்க்கண்டில் விறகு பொறுக்கும் பெண் இவர்களுக்காகக் குறைத்துக் கொடுத்த கணக்கு. 1992 ஒப்பந்தம் பணக்கார நாடுகளின் பட்டியலில் தம்மைச் சேர்க்காததை இன்றுவரை பிடித்துக்கொண்டு கத்தாரும் சவூதி அரேபியாவும் ஏழைகளின் வரிசையில் நிற்பதும் இதே வகைதான். ஆனால் துபாயில் ஐக்கிய அரபு அமீரகம் இழப்பு நிதியத்துக்குத் தானாக 10 கோடி டாலர் அறிவித்தது. சீனாவும் இந்தியாவும்கூடத் தம்மைவிட நலிந்த நாடுகளுக்கு ஒரு பங்கு தருவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். கடன்பட்டவன் முதலில் கட்டட்டும் என்று காத்திருப்பது தூதரகத் தந்திரத்துக்குச் சரி. மூழ்குகிறவனுக்குச் சரியில்லை.

சிந்துவுக்கே திரும்பினால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே நிலத்தை உழுகிறவர் ஹாரி, நிலம் ஜமீன்தாருடையது. விதைக்கும் உரத்துக்கும் கல்யாணத்துக்கும் ஜமீன்தாரிடமே முன்பணம் வாங்கி, விளைச்சலில் கழித்து, கழியாமல் மறு ஆண்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பங்கள் ஏராளம். வெள்ளம் பருத்தியைக் கொண்டுபோனது. பற்றுக் கணக்கைக் கொண்டுபோகவில்லை. வெளியே நாடு கடனாளி, உள்ளே அந்த நாட்டின் உழவர் கடனாளி. ஜெனீவாவில் சொன்ன தொகை முழுதும் நன்கொடையாகவே வந்திருந்தாலும், பட்டா உள்ளவருக்கே நிவாரணம் என்று எழுதிவிட்டால் ஹாரிக்கு ஒன்றும் கிடைக்காது.

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், வனுவாட்டு முன்னெடுத்த வழக்கில், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறும் நாடு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய வேண்டி வரலாம் என்று கருத்துரைத்தது. இந்த முயற்சியைத் தொடங்கியவர்கள் தென் பசிபிக் பல்கலைக்கழக மாணவர்கள். கருத்துரைக்குக் கட்டாயப்படுத்தும் சக்தி இல்லை. ஆனால் கடன், உதவி, கருணை என்று பெயர் மாற்றி மாற்றி எழுதிய கணக்கை இனி அப்படி எழுதுவது கடினம். இனி இழப்பு நிதியத்திலிருந்து போகும் பணம் திருப்பிக் கேட்காத பணமாக இருக்க வேண்டும். தலைநகரில் தங்கிவிடாமல், பட்டா இல்லாத ஹாரியின் பெயரும் ஏறிய பட்டியலைக் கேட்டு வாங்கிய பிறகே அது விடுவிக்கப்பட வேண்டும். முதல் நிபந்தனையைப் பணக்கார நாடுகளிடமும் இரண்டாவதை இஸ்லாமாபாத்திடமும் டெல்லியிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டியிருக்கிறது.