வாழ்ந்தது அழியுமோ?

உடல் நிலையற்றது என்பதை மக்கள் மனத்தில் பதிய வைக்க விரும்பிய ஞானிகள் பெரும்பாலும் எலும்பையே சுட்டிக் காட்டினார்கள். தோலும் தசையும் மூடி மறைக்கும் உண்மை இதுவே, அழகும் செல்வாக்கும் கடைசியில் வந்து சேரும் இடம் இதுவே என்று உபதேசித்தார்கள். அந்த உபதேசத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் எலும்பும் பல்லும் போதிக்கும் பாடம் அவ்வளவோடு முடிந்துவிடுகிறதா, மடிந்துபோன ஜீவன் வாழ்ந்த வாழ்வும் அதன் சரீரத்தோடு சேர்ந்தே சூனியமாகிவிடுகிறதா என்னும் கேள்வியை, வாயில்லாத ஒரு மிருகத்தின் தந்தத்தை முன்னிட்டு விசாரிக்க விரும்புகிறேன்.

அந்த மிருகம், ஏறத்தாழ 17,100 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவில் திரிந்த மாமூத் என்னும் ரோமம் அடர்ந்த யானை, ஆண் யானை. தந்தம் என்பது நீண்டு வளர்ந்த பல்லேயாகும். அது தாடைக்குள் பதிந்திருக்கும் அடிப்புறத்தில் நாள்தோறும் மெல்லிய படலமாக வளர்ந்து, முன்பு வளர்ந்த பகுதியை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், அதனை நெடுக்காகப் பிளந்தால் ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய தொன்னைகளைப்போல் படலங்கள் அடுக்கடுக்காகத் தென்படுகின்றன. நுனியில் இருப்பது கன்றுப் பருவம்; அடியில் இருப்பது அந்திம காலம். எலும்பானது உயிருள்ளவரையில் தன்னைத் தானே கரைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. தந்தத்தின் படலமோ ஒருமுறை படிந்தபின் மாறுவதில்லை. அன்றைய உணவும் நீரும் அதில் விட்ட அடையாளம் அப்படியே தங்கிவிடுகிறது.

ஃபேர்பாங்க்ஸ் நகரிலுள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ வூலரும் அவருடைய சகாக்களும் இந்தத் தந்தத்தைப் பிளந்து, நுனி முதல் அடி வரையில் அணு அணுவாகச் சோதித்து, 2021இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பாறைக்குப் பாறை வேறுபடும், ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமத்தின் குணம் மண்ணிலும், மண்ணிலிருந்து புல்லிலும், புல்லிலிருந்து அதை மேய்ந்த பிராணியின் பல்லிலும் ஏறிவிடுகிறது. எந்தப் பிரதேசத்துக்கு எந்தக் குணம் என்பதை அறிய அவர்களுக்குத் துணைநின்றவை, பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் செல்லாத, எலியினத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான சிறு பிராணிகளின் பற்கள்! மாபெரும் யானை நடந்த வழிக்கு எலியின் பல் சாட்சி சொல்கிறது.

அந்தச் சாட்சியத்தின்படி, அந்த யானை வாழ்ந்தது 28 ஆண்டுகள். அதற்குள் அது நடந்த தூரமோ பூமியை ஏறக்குறைய இருமுறை சுற்றி வருவதற்குப் போதுமானது. பதினைந்து பதினாறு வயதளவில் அதன் சஞ்சாரம் திடீரென விரிவடைகிறது. இக்காலத்து ஆண் யானைகளைப்போல் அதுவும் தாய்க் கூட்டத்தை விட்டு வெளியேறியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். கடைசிக் காலத்தில், வடக்கேயுள்ள புரூக்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், ஒரு சிறு வட்டாரத்திலேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. அப்போது படிந்த படலங்களில் நைட்ரஜனின் ஐசோடோப்பு விகிதம் மாறியிருப்பது, உணவு கிட்டாமையால் சரீரம் தன் சொந்தத் தசையையே கரைத்து உயிரைக் காத்துக்கொண்டதற்கு அறிகுறி. பசியே அதன் முடிவாக இருந்திருக்க வேண்டும்.

காரியத்தைக் கண்டு காரணத்தை அறிவது, பெருகிவரும் ஆற்றைக் கண்டு மேற்கே மழை பெய்ததென்று தெளிவது, சேஷவத் என்னும் அனுமானமென்று நியாய சாஸ்திரம் கூறும். விஞ்ஞானி செய்வதும் அதுவே. ஆனால் பட்டினியைக் காட்டும் இரசாயனம் பட்டினியின் வேதனையைக் காட்டாது. அந்த வேதனையை நாம் நம்முடைய பசியைக்கொண்டே உணர வேண்டும். அயல்வீட்டாரின் துயரத்தை அறிவதற்கும் நமக்கு வேறு வழியில்லை அல்லவா?

தந்தம் கிடைத்ததனால் அல்லவா இவ்வளவும் தெரிந்தது, கிடைக்காமல் ஆற்றோடு போன தந்தங்களின் கதி என்ன என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினா, விஷயத்தின் உயிர்நிலையும் அதுவே. தந்தம் நமக்கு அறிவிக்கிறதேயன்றி, அந்தப் பசியை உண்டாக்கவில்லை. தந்தம் தூளாகிக் காற்றில் கலந்திருந்தாலும், ஒரு குளிர்காலத்தில் ஒரு ஜீவன் பசித்திருந்தது என்பது உண்மையாகவே இருந்திருக்கும். இருப்பதையெல்லாம் காலம் அழிக்க வல்லது. நேர்ந்துவிட்டதை நேராததாக்கும் வல்லமை அதற்கும் இல்லை. ஆகவே நிலையாமை என்னும் தத்துவம் பாதி உண்மையே என்பேன். உடல் நில்லாது, இன்பமும் துன்பமும் நில்லா. ஆனால் அவை அனுபவிக்கப்பட்டன என்பது எக்காலத்திலும் மாறாது.

இந்த மறுபாதியையும் ஏற்றுக்கொண்டால் மிருகங்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறையும் மாறியே தீரவேண்டும். மிருகம் என்பது இனத்தின் ஒரு பிரதி, ஒன்று போனால் மற்றொன்று பிறக்கும் என்று கருதியே மனிதன் யானைகளைக் கொன்று, சீப்பும் சிமிழும் பியானோக் கட்டைகளும் செய்தான். அவன் கையில் பளபளக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு தனி ஜீவன் மேய்ந்த மாதங்களும் அலைந்த வழிகளும் ஆகும். செத்த மிருகத்துக்கு இனி என்ன வலி என்று சமாதானம் சொல்வது செல்லாது. வலி ஓய்ந்திருக்கலாம், வலித்தது என்பது ஓயவில்லை. கருணைக்கும் இதே நியாயம் பொருந்தும். தாகத்தோடு வந்த மாட்டுக்கு ஒருவன் தண்ணீர் காட்டினால், அந்த மாடு மறைந்தபின்னும், அதன் வாழ்வில் அந்தத் தண்ணீர் இருந்தது என்பதை எவராலும் நீக்க முடியாது. ஜீவகாருண்யத்தைப் புண்ணிய லாபத்தின் பொருட்டு மேற்கொள்வோர் மேற்கொள்ளட்டும். திருத்தி எழுத முடியாத ஒரு வாழ்வில் நம் கை படுகிறது என்னும் பயபக்தி ஒன்றே அதற்குப் போதிய ஆதாரம் என்பது என் சித்தாந்தம்.