வந்தவன் கண்

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு 1991-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சிற்றூர்கள் ஒன்றையொன்று வேவு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். ஓர் ஊரிலிருந்து சிலர் முன்னறிவிப்பில்லாமல் மற்ற ஊருக்குப் போவார்கள். காரை நிறுத்தாமல் ஐந்து நிமிஷம் ஊரைச் சுற்றிவிட்டு மனசில் பட்டதை எழுத வேண்டும். பிறகு இறங்கி நடந்து கடைத்தெரு, பள்ளி, வீடுகள், வழிகாட்டிப் பலகைகள், பொதுக் கழிப்பறை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்புகள் பார்க்கப்பட்ட ஊருக்கே அறிக்கையாகப் போய்ச் சேரும். திட்டம் வேறு மாகாணங்களுக்கும் பரவியது. இளைஞர்களையே பார்வையாளர்களாக அனுப்புவதும் உண்டு.

நிர்வாக உத்தி என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு இதனடியில் கிடக்கும் கேள்வி முக்கியமாகப் படுகிறது. ஓர் ஊரை மதிப்பிட யாருக்கு யோக்யதை? அங்கேயே வாழ்ந்து பழகியவனுக்கா, இன்று காலை வந்து மாலையில் திரும்பிவிடப் போகிறவனுக்கா? திட்டம் தயக்கமின்றி இரண்டாமவனைத் தேர்ந்துகொள்கிறது.

அதற்குப் பலமான காரணம் உண்டு. நான் வங்கியில் குமாஸ்தா. மாற்றலாகிப் புதிய கிளைக்குப் போகிறவன் கண்ணில் முதல் வாரம் எல்லாம் படும். எந்தக் கவுண்ட்டரில் போய் நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே தயங்குகிறவர்கள், சலான் நிரப்பும் மேஜை எட்டாமல் பக்கத்தில் நிற்பவரிடம் காகிதத்தை நீட்டும் கிழவி. மூன்றாவது மாதம் அவர்களும் மேஜையும் சுவரோடு சுவராகிவிடுவார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. தினமும் பார்ப்பதே மறைத்துவிடுகிறது. விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி தமது 1917-ஆம் வருஷக் கட்டுரையில், இப்படி மரத்துப்போன பார்வையை மீட்டுத் தருவதே கலையின் வேலை என்று வாதித்தார். தெரிந்ததைத் தெரியாததாக்கிக் காட்ட வேண்டும். விஸ்கான்சின்காரர்கள் ஓர் இலக்கிய உத்தியை நகராட்சிக் காரியத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

ஆனால் இளைஞர்கள் ஏன்? அவர்கள் கண் கூர்மையானது என்பது பாதிக் காரணம்தான். அமெரிக்க மத்திய மேற்கின் சிற்றூர்கள் பலவும் இளைஞர்களை இழந்துகொண்டிருப்பவை. பாட்ரிக் கார், மரியா கெஃபலாஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அயோவாவில் ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்து, 2009-இல் வெளியிட்ட நூலில் சங்கடமான ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை ஊரே வெளியேறுவதற்கென்று தயார் செய்கிறது. தங்கிவிடப் போகிறவர்கள் மேல் ஆசிரியர்களுக்கும் பெரியவர்களுக்கும் அத்தனை அக்கறை இல்லை. இந்தப் பின்னணியில் பதினாறு வயதுப் பையனிடம் காகிதத்தைக் கொடுத்து, இந்த ஊரில் குடியிருக்க உனக்குச் சம்மதமா என்று கேட்டால் என்ன ஆகும்? ஊர் தன்னைச் சரக்காக அவன் முன் பரப்பிக்கொள்கிறது. பிடிக்காவிட்டால் அவனுக்கு அடுத்த கடை இருக்கிறது. வந்தவன் கண் என்று நாம் மெச்சியது, நாம் கவனியாதபோது போகப்போகிறவன் கண்ணாகிவிடுகிறது.

வந்தவன் கண் எவ்வளவு தூரம் காணும் என்பதற்கு நம்மிடம் பழைய சோதனை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு பகுதி. கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். ரத்தினக் கடை, பொன் கடை, துணிக் கடை, தானியக் கடை, கணிகையர் வீதி, ஒன்றும் விடுபடவில்லை. திரும்பி வந்து ஊரின் குறையின்மையையும் பாண்டியன் ஆட்சியின் சிறப்பையும் கவுந்தியிடம் சொல்கிறான். வணிகக் குடியில் பிறந்தவன், சரக்கின் தரம் தெரிந்தவன். அவன் கண்டதெல்லாம் அங்கே இருந்தது. ஒரு பொற்கொல்லனின் வார்த்தையை நம்பி, விசாரணையில்லாமல் ஒருவனை வெட்டிவிடலாம் என்பதும் அந்த ஊரில் இருந்தது. அது எந்தக் கடைவீதியிலும் தெரியவில்லை. அவன் நற்சான்று கொடுத்த ஆட்சிதான் அவனைக் கொன்றது.

கண்ணகியும் அதே ஊருக்குப் புதியவள்தான். அவள் சிலம்போடு தெருவில் இறங்கி, இங்கே பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். இதுவும் ஊரைப் பற்றிய கேள்வித்தாள்தான். ஊர் எதைக் காட்டுகிறது என்று பார்த்தான் கோவலன். ஊர் யாருக்குப் பதில் சொல்லும் என்று கேட்டாள் கண்ணகி. இரண்டு பேரும் வந்தவர்களே என்பதால், பார்வையின் ஆழத்துக்குப் புதுமை காரணமாக இருக்க முடியாது.

ஷ்க்லோவ்ஸ்கி உதாரணம் காட்டும் டால்ஸ்டாயின் குதிரையிலும் இதைக் காணலாம். 'என்னுடையது' என்று மனிதர்கள் சொல்வது அதற்கு விளங்குவதில்லை. இந்த விளங்காமையை உத்தியாக மட்டுமே நம் விமர்சகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குதிரை மனிதர்களிடையே நேற்று வந்ததல்ல; அவர்களுக்கு உழைத்து, விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிக் கிழடானது. அதன் அந்நியத்தன்மை பட்டதனால் வந்தது. வந்தவர்களிலும் படுகிறவர்கள் உண்டு. வரவேற்பு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ஒரு வெள்ளைப் பையனும் ஒரு கறுப்புப் பையனும் ஒரே பதிலை எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டுக்கும் சராசரி எடுத்து அறிக்கையில் போட்டால், அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் காணாமல் போய்விடும்.

அப்படியானால் இளைஞர்களை அனுப்ப வேண்டாமா? அனுப்பலாம். திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் பரஸ்பரம்: பார்த்தவனின் ஊரும் பார்க்கப்படுகிறது. பக்கத்து ஊரில் பள்ளிக்கூடத்துக்கு நடைபாதை இல்லையென்று எழுதிக்கொண்ட பெண், திரும்பி வந்து தன் தெருவில் நடக்கும்போது அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட முடியாது. அங்கே எழுதியதற்கு அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. இங்கே அதையே சொன்னால் வீட்டில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும், கடைக்காரர் பேசாமல் இருந்துவிடக்கூடும். சொன்ன பிறகும் அவள் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும். இந்த விலையைக் கொடுத்துச் சொல்லும்போது அபிப்பிராயம் தீர்ப்பாகிறது. இலக்கிய விமர்சனத்திலும் வெளியே நின்று மார்க் போடுகிறவனுக்கும், இந்த மொழியிலேயே கிடந்து உழன்று சொல்கிறவனுக்கும் இதே வித்தியாசம்தான்.

கேள்வித்தாளில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இந்த ஊரில் உனக்கு அநியாயம் நடந்தால் யார் வாசலில் போய் நிற்பாய்? ஐந்து நிமிஷத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு நாளிலும் கிடைக்காது. தங்க வேண்டும், பெயர்கள் தெரிய வேண்டும், யார் பேச்சு எடுபடுகிறது, யார் பேச்சு எடுபடவில்லை என்று பார்க்க வேண்டும். பதில் கிடைக்கிறபோது அவன் வந்தவனாக இருக்கமாட்டான். போகிறவனாக இருப்பானா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.