நடக்காமல் போனவை

ஆயுத பூஜையன்று தெருவில் நிற்கும் எந்தக் காரை வேண்டுமானாலும் பாருங்கள். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், முகப்பில் மாலை, பம்பரில் கட்டிய வாழைக்கன்று. கற்பூரம் காட்டி முடித்ததும் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை மெல்ல உருட்டி நசுக்குவோம். வேலை கிடைக்க வேண்டும், கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மற்ற வேண்டுதல்களில் எல்லாம் ஏதோ ஒன்று நடக்கக் கேட்கிறோம். வண்டிக்கு முன்னால் கைகூப்பி நிற்கும்போது மட்டும், எதுவும் நடந்துவிடக் கூடாது என்று கேட்கிறோம்.

இந்த வேண்டுதலில் ஒரு சங்கடம் இருக்கிறது. நடந்ததற்குச் சாட்சி உண்டு. நடக்காமல் போனதற்குக் கிடையாது. வெடிக்காத டயரை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. சரியாகப் பிடித்த பிரேக் எந்த நாளிதழிலும் செய்தியாவதில்லை. வண்டியைக் கவனித்து வைத்துக்கொள்வதும் நிதானமாக ஓட்டுவதும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தெரிந்தும் அவற்றைத் தள்ளிப்போடுகிறோம், ஏனென்றால் பலன் கண்ணுக்குத் தெரியாத வேலையை மனசு வேலையாகவே கணக்கில் வைப்பதில்லை.

அந்த எலுமிச்சம்பழம் நசுங்குகிற இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது அந்த நான்கு இடங்களில் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவு இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியாக இருந்தாலும், அதன் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஏபிஎஸ்ஸும் அந்த நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் வேலை செய்தாக வேண்டும்.

திண்டிவனம் பக்கம் நெடுஞ்சாலையோரத்துப் பஞ்சர் கடை ஒன்றில் பார்த்த காட்சி இது. சென்னைக்குப் போகிற குடும்பம் ஒன்று காற்றுப் பிடிக்க நிறுத்தியிருந்தது. கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளத்த வண்டி. கடைக்காரர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடிக்கச் சொன்னார். முன்சக்கரம் திரும்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"வெளிப்பக்கம் பாருங்க சார், பட்டன் நல்லா இருக்கு. இப்ப உள்பக்கம் கை வெச்சுப் பாருங்க."

வண்டியை ஓட்டி வந்தவர் குனிந்து தடவினார். மொழுமொழுவென்று இருந்தது. ஓரிடத்தில் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் கம்பி தலைகாட்டியிருந்தது.

"அலைன்மென்ட் போயிடுச்சு சார். உள்ளாற மட்டும் தின்னுக்கிட்டே வந்திருக்கு. இதுல மெட்ராஸ் வரைக்கும் போவாதீங்க. ஸ்டெப்னிய மாத்தித் தரேன்."

டிக்கியில் இருந்த பைகளை எல்லாம் இறக்கி ஸ்டெப்னியை எடுத்தபோது அதில் பாதிக் காற்றுதான் இருந்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அதற்கும் காற்றுப் பிடித்தார். அந்தக் குடும்பம் சென்னை போய்ச் சேர்ந்திருக்கும். வழியில் என்ன நடக்கவில்லை என்பது அவர்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரோடு கார் ஓட்டக் கூடாது என்பது சட்டம். அதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் காடிகளுக்கு நடுவே ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதையும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும். காற்று குறைந்த டயர், கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகி ஒடிவதைப் போல, ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து சூடேறுகிறது. சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் வெடிக்கும் டயர்கள் பலவற்றின் கதை, வீட்டு வாசலில் நின்றபோதே தொடங்கிவிடுகிறது.

மற்றவையும் இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைக் கிளப்பும் முன் ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பது. கூலன்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கைவைக்காமல் இருப்பது. ஐப்பசி மழைக்கு முன்னால் வைப்பர் ரப்பரை மாற்றுவது. முதலில் முகப்பும் பிறகு பின்பக்கமும் சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்தி, ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்வது. காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் இதைச் செய்தீர்களா என்று கேட்க ஆள் கிடையாது. வாடகைக் காருக்கும் லாரிக்கும் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை இருக்கிறது. சொந்தக் காரைப் பதிவு செய்தால் சான்றிதழ் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதன் பிரேக்கைச் சோதித்துப் பார்க்க எந்த அதிகாரியும் அழைப்பதில்லை. அந்தப் 15 ஆண்டுகளுக்கும் நாமேதான் ஆய்வாளர்.

பிரேக் என்றதும் மலைப்பாதைதான் நினைவுக்கு வருகிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் இன்ஜினுக்குச் சோதனை என்றால் இறக்கத்தில் ஓட்டுபவருக்குச் சோதனை. பழகாதவர்கள் வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். சக்கரத்தருகே சூடு ஏறிக்கொண்டே போகும். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். பல ஆண்டுகள் மாற்றாத ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். திரவம் அழுந்தாது, குமிழி அழுந்தும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுதான்.

எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பாடம். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கார்கள் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் போவதை நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் தானே ஓட வேண்டிப் பெட்ரோல் குடிக்கிறது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலத்தை விட்டுக்கொடுத்து, அதற்குக் காசும் கொடுக்கிறோம்.

சமவெளியில் ஆபத்து வேறு முகத்தோடு வருகிறது. சாலை நேராக, அகலமாக, காலியாக இருக்கும். ஸ்பீடோமீட்டரில் 100 என்பது 60ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 17 மீட்டர் ஓடுகிறது. 100இல் 28 மீட்டர். குறுக்கே மாடு வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருக்கும்போது முதல் வண்டி 45 மீட்டர் அளவில் நின்றுவிடும். இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் மனசுக்குள் மூன்று விநாடி எண்ணி, அதற்குப் பிறகு நாம் அந்தக் கம்பத்தைக் கடந்தால் போதிய இடைவெளி இருக்கிறது என்று கொள்ளலாம். மழையில் இரு மடங்காக எண்ண வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவர் புகுந்துவிடுவார் என்பது உண்மைதான். புகட்டும், மறுபடி கொஞ்சம் பின்தங்கிக்கொண்டால் ஆயிற்று.

நடக்காமல் போனவற்றின் சரித்திரம் எழுதப்பட்டால் அதில் முதல் பெயர்களில் ஒன்றாக நில்ஸ் போலின் இருப்பார். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். ஆபத்தில் விமானியை விமானத்திலிருந்து வெளியே வீசியெறியும் இருக்கைகளை வடிவமைத்தவர், பிறகு வோல்வோ நிறுவனத்துக்கு வந்து மனிதனை இருக்கையோடு பிடித்துவைக்கும் பெல்ட்டை உருவாக்கினார். தோளையும் இடுப்பையும் மூன்று புள்ளிகளில் பிடிக்கும் அந்த சீட் பெல்ட் 1959இல் வந்தது. காப்புரிமை பெற்றும் மற்ற நிறுவனங்கள் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ அதைத் திறந்துவிட்டது. அதனால் உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தியாவில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் ஓட்டியவர்கள் 8,384. கூட உட்கார்ந்திருந்தவர்கள் 8,331. கிட்டத்தட்டச் சரிபாதி. ஓட்டாதவருக்கு எதுக்கு பெல்ட் என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டாவது எண்ணே பதில்.

சாலையின் உண்மையான குணம் இரவில்தான் புரியும். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. நாம் 80இல் போகிறோம். எதிரே ஒருவர் 80இல் வருகிறார். நடுவே இருப்பது ஒரு வெள்ளைக்கோடு மட்டும். ஒருவரை ஒருவர் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில், கைக்கெட்டும் தூரத்தில் கடக்கிறோம். அவர் யார், எந்த ஊர், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு விடிவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று தூக்கத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறாரா, அவர் டயரின் உள்பக்கம் எப்படி இருக்கிறது, எதுவும் நமக்குத் தெரியாது. ஆனாலும் நம் மனைவி மக்களின் உயிரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே போகிறோம். அவரும் அப்படியே செய்கிறார். அவர் லைட்டை டிம் செய்கிறார், நாமும் செய்கிறோம். கூசிய கண் தெளியச் சில விநாடி ஆகும். அந்த நேரத்தில் ஒரு வண்டி நூறு மீட்டர் குருட்டுத்தனமாக ஓடிவிடும். அதை நமக்கு இல்லாமல் செய்துவிட்டு அவர் போய்விட்டார். முகம்கூடத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்குப் பரிசும் உண்டு. வேண்டிய திட்டம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் வண்டியை ஓரங்கட்டித் தூங்கிவிட்டுக் கிளம்பியவருக்கு எந்த அரசும் பரிசு கொடுக்க முடியாது, ஏனென்றால் அவர் காப்பாற்றிய ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆளுக்கும் தெரியாது.

யோசித்தால் மனித நன்மைகளில் பெரும்பகுதி இந்த வகையில்தான் சேர்கிறது. நாம் இந்த வயது வரை வந்திருப்பதற்கு நம் எச்சரிக்கை ஒரு காரணம். நமக்கு எதிரே வந்த ஆயிரக்கணக்கானோர் தங்கள் பிரேக்கைச் சரிபார்த்து வைத்திருந்ததும், தூக்கம் வந்தபோது நிறுத்தியதும், கோட்டைத் தாண்டாமல் வந்ததும் அதைவிடப் பெரிய காரணம். அவர்களில் ஒருவருக்கும் நாம் நன்றி சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. அவர்கள் கொடுத்ததை நாம் எதிரே வரும் வேறு யாருக்கோதான் கொடுக்க முடியும். அவரும் நம்மை அறியப்போவதில்லை. நன்றி வராது என்று தெரிந்தே செய்யும் இந்தக் காரியத்தின் மேல்தான் சாலை ஓடுகிறது, ஊரும் ஓடுகிறது.