அந்த நகர்த்தல் யாருடையது?

அடுத்தவர் செய்த பிழையால் கிடைக்கும் வெற்றி நம்முடையதுதானா? 2024 டிசம்பர் 12 அன்று செந்தோசாவில் நடந்த ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது.

உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14ஆவது, கடைசி ஆட்டம். டிங் லிரென், குகேஷ் இருவரிடமும் தலா 6.5 புள்ளிகள். டிரா ஆனால் மறுநாள் ரேபிட். கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அப்படியும் கணினி 'சமம்' என்றே காட்டியது. 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய பிஷப்போ பலகையின் மூலையில் கிடந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை அதற்கு எதிரே நிறுத்தினார். தப்ப வழியில்லை. மிஞ்சியது இரண்டு ராஜாக்கள், இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒன்று. 58ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. 18 வயதில் உலகச் சாம்பியன்!

"அவன் ஜெயிக்கலடா, இவரு தோத்துட்டாரு" என்றான் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த நண்பன். இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனமான பிழையில் பட்டம் கைமாறுவதா என்று முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கும் வருத்தப்பட்டார். 2006இல் பான் நகரில், டீப் ஃபிரிட்ஸ் கணினிக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் விழப்போகும் மேட்டைக் கவனிக்காமல் விட்டவரும் அவர்தான். யாரும் தப்பியதில்லை.

பொறியியல் படிப்பில் 'உலோக அயர்ச்சி' என்று ஒரு பாடம் உண்டு. ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறிய சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால், ஒருநாள் கம்பி முறிந்துவிடும். கடைசிச் சுமைதான் காரணம் என்று எந்தப் பொறியாளரும் ரிப்போர்ட் எழுத மாட்டார். ஆறாவது ஆட்டத்திலேயே கைக்கு எட்டிய டிராவை மறுத்து ஆடியவர் குகேஷ். எஃப்2வை அவர் உண்டாக்கவில்லை. அது நடக்கக்கூடிய சூழலை அணையவிடாமல் காத்தார்.

ஆனால் கம்பிக்கு வலிக்காது. டிங்குக்கு வலிக்கும். 2023இல் பட்டம் வென்றபின் மனச்சோர்வில் தவித்ததை அவர் மறைக்கவில்லை. அப்படிப்பட்டவரைக் கடைசிவரை நெருக்குவது கொடுமை இல்லையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரக்கப்பட்டுக் கைகொடுத்திருந்தால், 'உங்களால இனிமே முடியாது' என்று சொன்னதாகவே ஆகியிருக்கும். முதல் ஆட்டத்தையும் பன்னிரண்டாவதையும் வென்றவர் டிங். அவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் மரியாதை.

அதற்குப் பிறகும் ஒரு முள் மிச்சம். டிங் யானையை வேறு கட்டத்தில் வைத்திருந்தால்? இதே குகேஷ், இதே உழைப்பு; ஆனால் டிரா. தன் கையில் இல்லாததை வைத்தும் மனிதனை எடைபோடுகிறோமே என்ற சிக்கலைத் தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற பெயரில் விவாதித்தார்கள். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என்று இரண்டையும் வைத்தார். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கவில்லை.

இன்டர்வியூவில் இன்னொருவர் தடுமாறியதால் நமக்குக் கிடைத்த வேலையும் இப்படித்தான். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முழுக்க என் திறமை என்று மார்தட்டவும் வேண்டியதில்லை.

எஃப்2 பிழை என்பது தனக்கே உடனடியாகத் தெரியவில்லை, வேறு நகர்த்தலை ஆடப்போனேன் என்று குகேஷே பின்னர் சொன்னார். அழுதுகொண்டே காய்களை மறுபடி அடுக்கி வைத்தார். டிங் உண்மையான சாம்பியனைப் போலப் போராடினார் என்று பாராட்டினார். தோற்றவருக்கு வென்றவர் தர வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: பட்டத்தில் பங்கு அல்ல, சாட்சியம்.