தேதி தெரியாத அறிவு

2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு. வடக்கு சிக்கிமில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5200 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு லோனாக் ஏரிக்குள் அதன் வடக்குக் கரை சரிந்து விழுந்தது. உறைந்துபோன மண்ணும் கல்லுமாக 1.47 கோடி கனமீட்டர். அதில் ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பி, ஏரியின் வாயை உடைத்தது. நள்ளிரவுக்குப் பிறகு சுங்தாங்கில் இருந்த 1200 மெகாவாட் மின்திட்டத்தின் அணை போயே போய்விட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இன்னும் பலர் கிடைக்கவேயில்லை.

மறுநாள் செய்திகள் "மேகவெடிப்பு" என்றன. வானம் செய்த வேலை என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அங்கே முடியக்கூடாது என்பதுதான் என் வாதம்.

அந்த ஏரியின் கதை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. பனியாறு ஒன்று மலையை அரைத்துக்கொண்டே இறங்கும். அரைத்த கல்லையும் மண்ணையும் பக்கங்களிலும் முன்னாலும் மேடாகக் குவிக்கும். வெப்பம் கூடி அது பின்வாங்கும்போது மேடு நிற்கும், அதற்குப் பின்னால் உருகிய நீர் தேங்கும். 1970களில் அங்கே இருந்தது ஒரு சின்னக் குட்டை. 2023 செப்டம்பர் இறுதியில் 167 ஹெக்டேர். பக்கத்து மேட்டைத் தாங்கி நின்ற பனியாறோ மெலிந்து பின்னே போய்விட்டது. மேட்டுக்குள் கல்லையும் மண்ணையும் பிடித்து வைத்திருந்தது சிமென்ட் இல்லை, பல நூற்றாண்டுகளாக உறைந்திருந்த பனி. அது இளகினால் சரிவு வெறும் குவியல்தான்.

ஆறு கீழே கொண்டுபோனதும் வெறும் தண்ணீர் இல்லை. ஏரி விட்டது சுமார் 5 கோடி கனமீட்டர் நீர். அது வழியில் அரித்தெடுத்தது சுமார் 27 கோடி கனமீட்டர் மண். ஐந்து மடங்குக்கும் மேல்! தீஸ்தாவின் படுகையே பல இடங்களில் மேடாகிவிட்டது. அடுத்த மழைக்கு அதே நீர், முன்பைவிட உயரமாக ஓடும்.

இதெல்லாம் தெரியாமல் நடந்ததா? இல்லை. இந்த ஏரி ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 2016இல் மேலே ஏறிப்போய், குழாய் போட்டு நீரை இறக்கிப் பார்த்தார்கள். தெரியாத ஒன்றே ஒன்று, தேதி.

நான் மென்பொருள் எழுதுபவன். என் தொழிலில் ஒரு வகை டிக்கெட் உண்டு: "நடக்க வாய்ப்பு குறைவு, நடந்தால் எல்லாம் காலி." ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோரும் அதை மரியாதையோடு பார்ப்பார்கள், பிறகு அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. தேதி போட்ட வேலை எப்போதும் தேதி இல்லாத வேலையைத் தின்றுவிடும், அவ்வளவுதான். மென்பொருளில் அதற்கு விலை ஒரு இரவுத் தூக்கம். சுங்தாங்கில் அப்படி இல்லை.

நம் நீதியுணர்வு தேதியோடு பழகியது. நாளைக்கு இடியும் சுவருக்குப் பக்கத்தில் குழந்தையை உட்கார வைப்பவனைக் கொலைகாரன் என்போம். என்றோ ஒருநாள் இடியும் என்றால்? "ரிஸ்க்" என்ற சொல் வந்துவிடும், கூடவே ஒரு எண். எண் வந்ததும் குற்றத்தின் சூடு ஆறிவிடுகிறது. "எப்போது என்று தெரியாது" என்பதை "தெரியாது" என்று சுருக்கிச் சொல்வதில்தான் மோசடி நடக்கிறது என்று நினைக்கிறேன். மின்சாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டவர்கள் ஆற்றங்கரையில் படுத்துத் தூங்குகிறவர்கள் இல்லையே. அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

கேட்காமலே சொன்னவர்களும் உண்டு. தீஸ்தாவைப் புனிதமாகக் கருதும் லெப்சா மக்கள் 2007இல் அணைகளுக்கு எதிராகத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். சோங்கு பகுதியில் சில திட்டங்கள் கைவிடப்பட்டன. மற்றவை தொடர்ந்தன.

2025 ஜனவரியில், சுங்தாங் அணையைத் திரும்பக் கட்டலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. பழையது 60 மீட்டர், கல் நிரப்பிக் கட்டியது. புதியது கான்கிரீட், 118 மீட்டருக்கும் மேல். கணக்கு இந்தமுறை கவனமாகவே போட்டிருப்பார்கள், நம்புகிறேன். மேலே, உடைந்த ஏரி முழுக்க வடிந்துவிடவில்லை. வெள்ளத்துக்கு மறுநாள் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் 60 ஹெக்டேர் நீர் மிச்சமிருந்தது.