நோயுற்றார் நன்றியறியுமாறு

வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1941-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கிழமையை வரையறுத்தது. அன்று சுற்றத்தார் ஒருங்குகூடி விருந்துண்பர். உண்ணுமுன், தாம் எதற்கு நன்றி பாராட்டுகின்றனர் என்பதை ஒவ்வொருவராகச் சொல்லுதல் பல இல்லங்களில் வழக்கம். அப்பந்தியில் கடுநோயாளர் ஒருவர் இருப்பாராயின் அவர் யாது சொல்வர்? சிறுநீரகம் பழுதுற்று, கிழமைக்கு மும்முறை, முறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், பொறியினால் இரத்தத்தைத் தூய்மை செய்துகொள்வார் ஒருவரைக் கருதுக. பொட்டாசியம் மிகுமென்று உருளைக்கிழங்கும் பூசணியாற் செய்த இனிப்பும் அவருக்கு அளவிடப்படும்; தாகத்திற்கு நீரும் அளந்தே தரப்படும். அவர் முறை வருங்கால், பொய் கூறாது நன்றி கூறுதல் இயலுமோ? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

ஒரு சாரார், நோயும் நன்மையே ஆதலின் நோய்க்கே நன்றி கூறுக என்பர். அது பொருந்தாது. நோய் நன்றாயின் அதனைப் போக்கும் மருந்து தீதாதல் வேண்டும். அதனை ஒருவரும் உடன்படார். நோயிடைப் பொறுமை பிறந்ததாயின், நன்றிக்குரியது அப்பொறுமையேயன்றி நோயன்று. மற்றொரு சாரார், நோய் நீங்கிய பின்னரே நன்றி கூறத்தகும் என்பர். அதுவும் பொருந்தாது. தீராநோய் உடையார்க்கு அந்நாள் வாராதாகலின், தமக்குச் செய்யப்பட்ட உதவியை அறியாதவராகவே அவர் இறத்தல் வேண்டும் என முடியும்.

அற்றேல் உண்மை யாதோ எனின், கூறுதும். நன்றி என்னுஞ் சொல் பண்டை வழக்கில் நன்மையையும், ஒருவர் செய்த உதவியையும் குறிக்கும். அதனை உணரும் பண்புக்கே நன்றியறிதல் என்பது பெயர். ஆகவே அஃது அறிவின்பாற் பட்டது; மகிழ்ச்சியன்று. மகிழ்ச்சி உடம்பின் நிலையோடு ஏறியிறங்கும். அறிவோ துன்பத்திடையும் நிற்றல் கூடும். கண்ணீர் நிறைந்த கண்ணும் விளக்கை விளக்கென்றே காணுமன்றோ? நோயைத் தீதென்று அறிந்த அறிவே உதவியை நன்றென்றும் அறிகின்றது. ஒன்றை மறைத்து மற்றொன்றை அறிய வேண்டுவதில்லை.

அந்நாளின் வரலாறே இதற்குச் சான்றாம். 1863-ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போர் நிகழ்கையில், குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை நன்றியறிதல் நாளென அறிவித்தார். போரினால் கைம்பெண்களும் தந்தையற்றவரும் ஆயினாரை மறவாதிருக்குமாறும் அவ்வறிவிப்பிலேயே வேண்டினார். அந்நாள் வந்தபோது அவர்தாமே வைசூரி கண்டு படுக்கையிற் கிடந்தார். ஒரு கிழமைக்கு முன், நவம்பர் 19-இல், கெட்டிஸ்பர்க்கில் சொற்பொழிவாற்றித் திரும்பும் புகைவண்டியிலேயே அவருக்கு உடல் நலங்குன்றிற்று. அப்போது ஈரத்துணியால் அவர் தலையைக் குளிர்வித்தவர் வில்லியம் ஜான்சன் என்னும் கறுப்பினப் பணியாளர். லிங்கன் பிழைத்தார். பின்னர் ஜான்சனுக்கும் வைசூரி கண்டது. 1864 ஜனவரியில் அவர் இறந்தார். அவர் மருத்துவமனையிற் கிடந்து, ஊதியத்திற்குக் கையொப்பமிடவும் மாட்டாதிருந்த நாளில், லிங்கன் தாமே அதனைப் பெற்று, அவர் விரும்பியவாறு எண்ணிப் பிரித்து வைத்தார்.

இதன்கண் நன்றிக்குரியது எது? வைசூரியன்று, தலைமேலிட்ட ஈரத்துணி. அதனை அறிந்தவர் செய்தது யாது? நீண்ட புகழுரையன்று, எண்ணி வைத்த சிறுதொகை. நோயாளர் அறியும் நன்மை பெரும்பாலும் இத்துணைச் சிறிதாகவே இருக்கும், சிறிதாதலின் பொய்யாகாது.

ஆகலின், அப்பந்தியில் இருக்கும் நோயாளர், "என் நோய் தீதே, ஆயினும் ஊசி ஏற்றும்போது என் கையைப் பரிவோடு பற்றிய செவிலியை யான் அறிவேன்" என்று சொல்லின் அதுவே முழு நன்றியாம். அதுவும் இயலாது அவர் வாளா இருப்பின், நலமுடையார் அவரை வற்புறுத்தாது அடுத்தவர்பாற் செல்க. நலமுடையார் கடமை நோயாளரிடம் நன்றி கேட்டலன்று. அவர்க்கு நன்றி செய்தலே என்க.