ஆணி அடிக்கக் கூடாது

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும். 'அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துடணும். தண்ணிக்குத் தனி. ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம். அப்புறம், முக்கியமா... சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது!' கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் வீட்டுக்காரரின் குரல் ஒரு கட்டை ஏறும். ஏதோ நம் நெஞ்சில் அடிக்கப்போகிற ஆணி மாதிரி அவர் முகம் சுருங்கும்.

சின்ன வயதில், திருவல்லிக்கேணி சந்துகளில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நானும் பலமுறை தலையாட்டியிருக்கிறேன். நான் பத்தாவது முடிப்பதற்குள் ஏழு வீடு மாறியிருந்தோம்.

இந்த வாரம் உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. நமக்குச் சொந்தமில்லாத இடத்தை அழகுபடுத்துவது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா?

'இதெல்லாம் ஒரு கேள்வியா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் உள்ளே போனால், வீடு யாருடையது என்கிற பெரிய கேள்வி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் இதற்குச் சுத்தமான பதில் உண்டு. குத்தகைக்கு எடுத்த கட்டடத்தில் நீங்கள் செய்கிற மேம்பாட்டுச் செலவை, ஒப்பந்தக் காலம் அல்லது அந்த மேம்பாட்டின் ஆயுள் இரண்டில் எது குறைவோ, அதற்குள் எழுதித் தீர்த்துவிட வேண்டும். காலி செய்கிற அன்று அதன் மதிப்பு பூஜ்யம். அதிலும் நம் ஊர் வீட்டு ஒப்பந்தம் எத்தனை நாளைக்கு? 11 மாதம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்க நம்மவர்கள் கண்டுபிடித்த கணக்குதான் அந்தப் பதினொன்று. ஆக, வாடகை வீட்டு ஜன்னலில் நீங்கள் தொங்கவிடும் பூந்தொட்டிக்கு ஆயுசு 11 மாதம். மேற்கொண்டு ஆசைப்பட்டால் நஷ்டம்.

அப்பா காலேஜ் வாசலை மிதித்தவரில்லை. ஆனால், இந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி. 'அடுத்தவன் வீட்டை நாம ஏன் சிங்காரிக்கணும்? சொந்த வீடு வரட்டும்' என்பார். திரைச்சீலை கேட்டால், சொந்த வீடு வரட்டும். வாசலில் துளசி வைக்கலாமா என்றால், சொந்த வீடு வரட்டும். அவரைக் கஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒற்றைச் சம்பளத்தில் நாலு வயிறு. ஒவ்வொரு ரூபாயையும் அவர் அந்த வராத வீட்டின் பெயரில்தான் சேர்த்து வைத்தார்.

அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். 'சரிங்க' என்பாள். அப்புறம் அவள் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்ப்பாள்.

ஆணிதானே அடிக்கக் கூடாது? ஜன்னல் கம்பியில் கயிறு கட்டலாமே! தேங்காய் உடைத்தால் கண் இல்லாத மூடியை எடுத்து வைத்துக்கொள்வாள். நாரைச் சுரண்டி, கருங்கல்லில் தேய்த்து, விளிம்பில் மூன்று ஓட்டை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தினால் ஓடு விரியாது. அடியிலும் ஒரு ஓட்டை, தண்ணீர் வடிய. உள்ளே முதலில் தேங்காய் நார், மேலே செம்மண்ணும் மக்கிய குப்பையும். அதில் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய டேபிள் ரோஸ் தண்டு ஒன்றை ஒடித்துச் செருகினால் போதும். விதை வேண்டாம், வேர் வேண்டாம். காலை வெயில் ஏற ஏற ரோஸும் மஞ்சளுமாகப் பூத்துவிடும். மொத்தச் செலவு? மளிகைப் பொட்டலம் கட்டி வந்த சணல் கயிறு!

அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட். அதை மட்டும் கேட்டு வாங்கவில்லை. திருடி வைத்தால்தான் பணம் கொட்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே! ஊருக்கெல்லாம் நல்லது சொல்லும் அம்மா, எதிர் போர்ஷன் கொடியில் ஒரு துண்டை 'எடுத்துக்கொண்டு' வந்ததை நானே பார்த்தேன். பணம் கொட்டவில்லை. கொடி மட்டும் வளர்ந்தது. இலைக்காம்பு தண்டில் சேர்கிற கணுவில் பழுப்பாக ஒரு முண்டு தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழே வெட்டி, கணு தண்ணீரில் மூழ்கும்படி வைத்தால் அங்கிருந்துதான் வேர் இறங்கும். வெள்ளிக்கிழமைதோறும் பாட்டிலைக் கழுவித் தண்ணீர் மாற்றுவாள். அவளுக்கு அது வழக்கம். இன்று நமக்கு அது அவசியம். டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் குடித்தனம் நடத்துகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை பாட்டிலின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அந்த மணி பிளான்ட்டுக்கு எது சொந்த ஊர் தெரியுமா? பசிபிக் கடலில் டஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரியா என்கிற குட்டித் தீவு. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் உரிமையோடு உட்கார்ந்திருக்கும் அதுவும் குடித்தனம் வந்ததுதான்.

வீடு காலி பண்ணும் நாளில் ட்ரைசைக்கிளில் சிரட்டைகளுக்கு இடம் இருக்காது. அம்மா அலட்டிக்கொள்ளமாட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு தண்டைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொள்வாள். மற்றதெல்லாம் அடுத்து வருகிறவர்களுக்கு. 'விட்டுட்டு வர்றதுக்கா இவ்வளவு பாடுபட்டே?' என்று அப்பா ஒருமுறை கேட்டார். அம்மா சொன்னாள்: 'பார்த்துட்டுத்தானே வர்றேன்.'

அந்தப் பதிலின் கனம் எனக்கு அன்று புரியவில்லை. இப்போது யோசித்தால், அம்மா ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை என்று தோன்றுகிறது. நம் ஊரில் பெண்கள் கையால் செய்த அழகுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் போட்ட மாவுக் கோலம் மதியத்துக்குள் மிதிபட்டுப் போகும். மார்கழியில் சாணி உருண்டையில் செருகிவைத்த பூசணிப்பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். கோயில் திருவிழாவுக்குப் பொத்திப் பொத்தி வளர்த்த முளைப்பாரியைத் தலையில் சுமந்து போய் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவார்கள்.

நவராத்திரி கொலுவில் பிள்ளைகள் பார்க் கட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? மணலைப் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி, தண்ணீர் தெளித்து, தினமும் காலையில் ஓடிவந்து குனிந்து பார்த்து... நாலாம் நாள் பச்சைப் புல்வெளி! நடுவில் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். பத்து நாளில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடுவோம்.

ஒன்றுக்காவது 11 மாதம் ஆயுள் உண்டா? கணக்குப்படி எல்லாமே அன்றன்றைக்கு எழுதித் தள்ளவேண்டிய செலவு. ஆனாலும், 'நிலைக்காது' என்கிற காரணத்துக்காக யாரும் வாசலைக் கோலம் இல்லாமல் விடவில்லை.

அம்மா ஒரு ஜன்னலோடு நின்றாள். இதையே ஏக்கர் கணக்கில் செய்த ஒரு மனிதரும் நம் நாட்டில் இருந்தார். நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து இந்தியப் பக்கம் வந்தவர். சண்டிகர் நகரம் உருவாகிக்கொண்டிருந்தபோது அங்கே சாலை ஆய்வாளராக வேலை. நகரத்துக்காக இடித்த கிராமங்களின் இடிபாடுகள், உடைந்த வளையல், பீங்கான் ஓடு என்று குப்பையாகப் போனதையெல்லாம் சைக்கிளில் சேகரித்தார். 1957 வாக்கில், எதுவும் கட்டக் கூடாது என்று தடை இருந்த அரசாங்கக் காட்டுக்குள், யாருக்கும் தெரியாமல், வேலை முடிந்த பிறகு ஒரு தோட்டத்தைக் கட்ட ஆரம்பித்தார். பொம்மைகள், நீரோடை, நடைபாதை... எந்த நிமிஷமும் அரசாங்கம் வந்து இடிக்கலாம். ஆனாலும் பல வருஷம் கட்டினார். கடைசியில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடிக்கவில்லை. 1976-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவரையே அதற்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். 1984-ல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். 2015-ல் அவர் காலமானார். சண்டிகரின் ராக் கார்டன் இன்றும் இருக்கிறது. பட்டா என்னவோ அரசாங்கத்தின் பெயரில்தான். ஆனால், அதை யாருடைய தோட்டம் என்று ஊர் சொல்கிறது?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இல்லாமைக்குப் பூச்சூட்டி அழகு பார்ப்பதும் ஒருவகைத் திமிர்தான். அம்மா சிரட்டையில் செடி வைத்தது, தொட்டி வாங்கக் காசில்லாததால். சமீபத்தில் ஒரு கண்காட்சியில் அதே சிரட்டையை வார்னிஷ் அடித்து, 'ஹேண்ட்மேட்' என்று சீட்டு தொங்கவிட்டு 450 ரூபாய்க்கு விற்றார்கள். செய்தவர் கைக்கு அதில் நியாயமான பங்கு போனால் சந்தோஷம். ஆனால், அது வேறு. வாங்கியது நம் ரசனையைக் காட்டும். செய்தது நாம் இங்கே இருந்ததைச் சொல்லும்.

இனி, நான் சொல்லக் கூச்சப்படுகிற பகுதி.

சொந்த வீடு வந்தது. அப்பாவுக்கு இல்லை, எனக்கு. இருபது வருஷக் கடன், மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. அதைப் பார்க்க அப்பா இல்லை. ஆள் வைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டேன். சுவருக்கு என்னவோ பெயர் சொன்ன வெள்ளை நிறம். ஹாலில் ஒரு கொடி படர்ந்தது, பிளாஸ்டிக்கில்.

அம்மா வந்தாள். மடியில் ஈரத்துணி. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'எங்கடா மாட்டறது?' என்று கேட்டாள்.

'ஆணி அடிக்காதம்மா. பெயின்ட் போயிடும்' என்றேன்.

சொன்னது நான்தான். ஆனால், அந்தக் குரல் எனக்குப் பரிச்சயமான குரல். ஒரு கட்டை ஏறியிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 'சரிப்பா' என்றாள். வாஷிங்மெஷின் பக்கத்தில், வெயில் எட்டிப் பார்க்காத மூலையில் ஒரு பாட்டிலை வைத்தாள். ஏழு வாடகை வீடுகளில் ஜன்னல் ஜன்னலாகப் பூக்க வைத்தவள், மகன் வீட்டில் ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு போய்விட்டாள். அவளுடைய அலமாரியைக் காலி செய்தபோது, புடவைகளுக்கு அடியில் மூன்று சிரட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. வழுவழுவென்று தேய்த்து, ஓட்டையெல்லாம் போட்டு, கயிறும் கோத்துத் தயாராக.

அப்பாவின் கணக்கில் எங்கே பிழை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சொந்த வீடு வந்தால் எல்லாம் வரும் என்று அவர் நம்பினார். வந்தது. ஆனால், பத்திரத்தில் என் பெயர் ஏறிய அன்றைக்கே அம்மா அங்கே குடித்தனக்காரியாகிவிட்டாள். நான் அவளிடம் வாடகை வாங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்களேன். அழகாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால், அங்கே வசிக்கிற யாருடைய கைத்தடம் எங்குமே இல்லை? மாமியாருடையதா, மருமகளுடையதா, கிராமத்தை விட்டுவிட்டு வந்த அப்பாவுடையதா, சுவரில் கிறுக்கியதற்கு அடி வாங்கிய பிள்ளையுடையதா? அவர்களுக்கு ஒரு ஜன்னலாவது கொடுங்கள். அவர்கள் வைக்கப்போவது உங்கள் திரைச்சீலைக்குப் பொருந்தாமல் போகலாம். போகட்டுமே!

போன மாதம் என் மகள் ஒரு ஜாம் பாட்டிலில் கம்பி சுற்றி, வண்ணநூல் கட்டி, மணி பிளான்ட் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கோணல்மாணலாக இருந்தது. 'ஹால்ல மாட்டலாமாப்பா? ஆணி வேணாம், கொக்கி ஒட்டிக்கறேன்' என்றாள். அவளுக்கும் விதி தெரிந்திருக்கிறது!

சுத்தியலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முதல் அடி குறி தப்பியது. எட்டணா அகலத்துக்கு பெயின்ட் உதிர்ந்தது. அதற்கு இன்னும் பட்டி பார்க்கவில்லை.